அந்த மாலையின் வானம்

விளக்குகள் மங்கி, குவிமாடம் முழுக்க நட்சத்திரங்கள் வந்ததும் கூட்டம் வழக்கம்போல் "ஆ" என்றது. மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது. மேற்கே வெள்ளியும் வியாழனும் ஒட்டி நின்றன. கிழக்கே சிம்மத்துக்குள் செவ்வாய். இன்றைய வானம் இதுவல்ல. படுபாவி, மறுபடியும் அதே நாளைப் போட்டிருக்கிறான்.

கோளரங்கத்தின் வானத்தை எந்த நாளுக்கும், எந்த ஊருக்கும் திருப்பலாம். நட்சத்திரங்கள் ஒழுங்காக வரிசையில் வந்து போகும், கோள்கள்தான் ஊர்சுற்றிகள். அவை எங்கெங்கே நிற்கின்றன என்று பார்த்தால், விவரம் தெரிந்தவர்களுக்கு நாளைச் சொல்லிவிட முடியும். டிக்கெட் வாங்கி வந்த சனத்துக்கு அது தெரியாது. அவளுக்குத் தெரியும், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கருவியை இயக்கும் ஆபரேட்டருக்கும் தெரியும். அவன் அவளுடைய முன்னாள் கணவன். காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பெண்ணை அவனிடம் விட்டுவிட்டு அவள் வீட்டைவிட்டு வெளியேறிய மாலையில், அந்த இரண்டு கோள்களும் வாசலுக்கு நேரே இப்படித்தான் நின்றன. மறுவாரமே பெண்ணைத் தேடி வந்து நின்றது, கோர்ட்டுக்கு அலைந்து ஒரு வாரம் இவளிடம், ஒரு வாரம் அவனிடம் என்று வாங்கியது எதுவும் அவன் கணக்கில் சேராது. வேலையிடத்தில் வாயைத் திறந்து திட்டினால் மேலே புகார் போகும். வானத்தைத் திருப்பினால் யார் கேட்கப்போகிறார்கள்? எரிச்சல் வரும்போதெல்லாம் திருப்பினான்.

இன்றைக்கு எரிச்சலுக்குக் காரணம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தது. மகள் பள்ளியை முடித்துவிட்டாள். இனிமேல் பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு வீட்டுக்கும் அலைய முடியாது, ஒரே இடம்தான் என்று கறாராகச் சொல்லிவிட்டாள். எந்த இடம் என்று கேட்டதற்கு, "ரெண்டு பேருகிட்டயும் ஒண்ணா சொல்றேன்" என்றாள். இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே இருப்பது இங்கே மட்டும்தான். அதனால் மதியக் காட்சிக்கு வந்திருந்தாள். இவள் மகளுடைய அறைக்குப் புதுத் திரைச்சீலை மாட்டியிருந்தாள். அங்கே முன்னாள் மாமியார் பேத்திக்கு மெத்தை தைக்கக் கொடுத்திருப்பதாகக் கேள்வி. கிழவி எதிலும் முந்திக்கொள்வாள்.

"நட்சத்திரம் தூரத்திலிருந்து பார்த்தால் பிரமாதமாக இருக்கும்," என்று இவள் ஆரம்பித்தாள். "கிட்டே போனால் உள்ளே வெறும் வாயுதான்."

கூட்டம் சிரித்தது. அவன் சும்மா இருப்பானா? வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்புப் பட்டையைக் காட்ட ஒளி அம்பை உயர்த்தினாள். வானத்தை ஒரு இழுப்பு இழுத்தான். அம்பு ஒன்றுமில்லாத இருட்டில் போய் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி கண்டுபிடித்தாள். ஒரு விண்மீன் கூட்டத்தில் இருப்பவை பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும், பல சமயம் ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் கிடையாது என்று சொன்னாள். இந்த வரியை எப்போதும் கண்ணாடித் தடுப்பைப் பார்த்துத்தான் சொல்வாள். பிறகு பால்வீதி, அதற்கு அப்பால் நம்முடையதைப் போலவே இன்னொரு கேலக்ஸியான ஆண்ட்ரோமீடா. அதை அடிவானத்தருகே காட்டும்போது வேண்டுமென்றே அந்த இடத்தை மங்கலாக்கினான். அவனை அவள் மனதார வெறுத்தாள். அந்த வெறுப்பில் தனக்கு ஒரு சுகம் இருப்பதும் அவளுக்குத் தெரியும்.

"யாருக்காவது கேள்வி இருக்கிறதா?"

"இது இன்னைக்கு வானம் இல்லையே?" என்றது மகளின் குரல்.

பள்ளி விட்டதும் இந்த நாற்காலிகளில் சுருண்டு படுத்து, மேலே பார்த்துக்கொண்டே வளர்ந்த பெண் அது. அதை இருவரும் எப்படி மறந்தார்கள்?

"எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு வானம் இது. அப்பாவுக்குக் கோவம் வந்தா இதைப் போடுவாரு. அம்மாவுக்குக் கோவம் வந்தா வாயு ஜோக் சொல்வாங்க. எனக்கு ரெண்டுமே மனப்பாடம்."

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்து யாரோ கைதட்டினார்கள்.

"ஆபரேட்டர் சார், நான் ஒரு நாள் சொல்றேன். போடுறீங்களா?"

ஒலிபெருக்கியில் அவன் தொண்டையைச் செருமினான். "சொல்லும்மா."

"அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி, சாயங்காலம்."

கருவி உறுமியது. வெள்ளியும் வியாழனும் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் ஓடின. மைக் திறந்திருப்பதை மறந்து இவள் கேட்டுவிட்டாள். "அன்னைக்கு எங்க இருப்பே?"

"அதுக்குத்தான் வர்றேன். இப்ப ஊரை மாத்துங்க. தெற்கே போங்க."

அவன் திருப்பினான். வடக்கே துருவ நட்சத்திரம் இறங்க ஆரம்பித்தது.

"போதுமா?"

"இல்லப்பா. இன்னும்."

பூமத்திய ரேகை வந்ததும் அது அடிவானத்தைத் தொட்டது. "இதுக்கு மேல போனா துருவ நட்சத்திரமே தெரியாதும்மா," என்றான். எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு இவள் கேட்கும் கெஞ்சல் குரல்.

"தெரிய வேணாம். அங்கதான் காலேஜ். ஸ்காலர்ஷிப் வந்துருச்சு, டிக்கெட்டும் எடுத்தாச்சு. வழியனுப்ப ரெண்டு பேரும் வர வேணாம். ஏர்போர்ட்டுக்கும் வந்து சண்டை போடுவீங்க."

துருவ நட்சத்திரம் மறைந்தது. இவள் ஆயிரம் முறை அம்பு வைத்துக் காட்டிய கூட்டங்கள் தலைகீழாகப் புரண்டன. தெற்கே, இந்தக் கூரையில் ஒருநாளும் வராத நட்சத்திரங்கள் எழும்பின. அவற்றின் நடுவே வெளுத்த இரண்டு திட்டுகள், தெற்கத்தி வானத்துக்கே உரிய இரண்டு சிறு கேலக்ஸிகள், ஒன்றுக்கொன்று எட்டி நின்றன.

பின்னால் நாற்காலி மடங்கும் சத்தம் கேட்டது. கதவு திறந்து, பகல் வெளிச்சம் உள்ளே விழுந்தது. அந்தப் பக்கத்து நட்சத்திரங்கள் அப்படியே அழிந்தன. கதவு மூடிக்கொண்டது.

"அது என்னங்க, மேகமா?" என்று முன்வரிசையில் ஒருவர் கேட்டார்.

அவள் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டில் ஒலிபெருக்கி கரகரத்தது.

"சொல்லு," என்றான் அவன். "கேக்குறாங்க இல்ல."

அவள் அம்பை உயர்த்தினாள். அது இரண்டு திட்டுகளுக்கும் நடுவே, எதிலும் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது.