எல்லையில் ஒரு பிரேக்

என் கணவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாத்தியார் இல்லை, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அவருடைய வகுப்பறை ஒரு வெள்ளைக் கார். ஓட்டுபவருக்கு இருப்பதுபோல் பக்கத்தில் உட்காரும் அவருக்கும் அதில் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதித்தால் சிவப்பு விளக்கு எரியும், பீப் என்று சத்தம் வரும். வருடக்கணக்கில் மிதித்து மிதித்து அந்தக் கால் இப்போது அவர் பேச்சைக் கேட்பதில்லை. பஸ்ஸில் போனாலும் தரையை மிதிப்பார். டிவியில் யாராவது வேகமாகக் கார் ஓட்டினால் எங்கள் வீட்டு சோபாவின் முன்னால் கிடக்கும் கால்மிதி சுவர் வரைக்கும் போய்விடும்.

ஸ்கூலின் ஆபீஸை நான் பார்த்துக்கொள்கிறேன். சாலை விதி வகுப்பும் என்னுடையதுதான். அம்மாவுக்குக் கோபம் மூக்கு மேல் என்று மாணவர்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். மஞ்சள் விளக்கு எதற்கு என்று கேட்டால் "சீக்கிரம் போறதுக்கு" என்று சொல்கிறவர்களைக் கொஞ்சவா முடியும்?

எங்கள் ஒரே மகளுக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் கடலியல் படிக்க இடம் கிடைத்தது. ஒன்று எங்கள் மாநிலத்திலேயே, வீட்டு வாசலில் ஏறினால் ஒரே பஸ். இன்னொன்று பக்கத்து மாநிலத்தில், கடற்கரையில். எங்கள் மாநிலத்தில் கடலே கிடையாது. இங்கே கடலியல் துறை ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில், லிஃப்டை ஒட்டி இருக்கிறது. சுவரில் பெரிதாக ஒரு கடல் படம் ஒட்டியிருக்கிறார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாவம்.

"கடல் எங்கயும் ஓடிப் போயிடாதும்மா. லீவுல போய்ப் பார்த்துக்கலாம்," என்றார் வாத்தியார்.

"கார் இல்லாம நீங்க டிரைவிங் கத்துக் குடுப்பீங்களாப்பா?"

அவர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். வெளி மாநிலத்தவருக்குக் கட்டணம் அதிகம் என்று முதலில் சொல்லிப் பார்த்தார். உதவித்தொகை கிடைத்ததும் அந்த வாதம் படுத்துவிட்டது. பிறகு சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா என்றார். காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள் என்றார். கடைசியில், "அவ்வளவு தூரம் தனியா சமாளிக்க உன்னால முடியாது," என்று சொல்லிவிட்டார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

நான் மகள் பக்கம். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் அவளுக்கு என் ஓட்டு போதவில்லை. "அப்பா மனசாரச் சரின்னு சொல்லணும்மா. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு வழியனுப்பினா எனக்குப் போகவே வேண்டாம்," என்றாள். பிடிவாதத்தில் அப்பாவையே உரித்து வைத்தவள். எந்த இடம் வேண்டும் என்று திங்கட்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும்.

வாத்தியாரிடமே ஓட்டக் கற்று லைசென்ஸும் வாங்கியிருந்தவள், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அவளே ஒரு பந்தயம் கட்டினாள்.

"நாளைக்கு நம்ம கார்ல அந்த யூனிவர்சிட்டி வரைக்கும் நானே ஓட்டறேன். நீங்க பக்கத்துல உட்காருங்க. என் தப்பால நீங்க ஒரே ஒரு தடவை பிரேக் மிதிச்சாலும் நான் இங்கயே சேர்ந்துடறேன். மிதிக்கலேன்னா நீங்க வாய் நிறையச் சரின்னு சொல்லணும்."

வாத்தியார் முகத்தில் பல்ப் எரிந்தது. "ஒரே தடவைதானே?" என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

தெருமுனை தாண்டுவதற்குள் மிதித்துவிடுகிற ஆள் அவர். சமையலறையில் மகளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு என்ன கிறுக்கா? யாருகிட்ட எதை வெச்சு விளையாடற?"

"நம்ம ஸ்கூல் ரூல் இருக்கேம்மா," என்றாள்.

இருக்கிறதுதான். முன்பு எங்களிடம் வேலை பார்த்த ஒரு பயிற்சியாளர் காக்கா பறந்தால்கூடப் பிரேக் போடுவார். அவரை வழிக்குக் கொண்டுவர வாத்தியாரே போட்ட சட்டம் அது: மிதித்தவர் உடனே காரணம் சொல்ல வேண்டும். நாய், பள்ளம், லாரி, எதுவானாலும் அது ரோட்டில் இருக்க வேண்டும். சொல்ல முடியாவிட்டால் தப்பு மிதித்தவர் மேல்தான், ஓட்டியவர் மேல் இல்லை. நடுவர் நான் என்று முடிவானது.

காலையில் கிளம்பினோம். நான் பின்சீட்டின் நடுவில், இரண்டு பேரின் கால்களும் தெரிகிற மாதிரி உட்கார்ந்தேன். கடைத்தெரு முடிகிறவரை வாத்தியாரின் கால் பிரேக்குக்கு மேலேயே மிதந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டி ஒன்று குறுக்கே வந்தது. பள்ளிப் பிள்ளைகள் கைகோத்துக்கொண்டு கடந்தார்கள். எதிர்த்திசையில் ஒருவன் செல்போனில் பேசியபடியே பைக்கில் வந்தான். மகள் ஒவ்வொருவருக்கும் நின்று, ஒதுங்கி, வழிவிட்டுப் போனாள்.

"கண்ணாடி பாரு," என்றார் வாத்தியார்.

"பார்த்துட்டேன்."

"சும்மா சொன்னேன்."

நெடுஞ்சாலையில் ஒரு லாரி இண்டிகேட்டர் போடாமல் எங்கள் முன்னால் சடாரென்று ஏறியது. எனக்கு உயிரே போய்விட்டது. ஆனால் லாரி ஏறுவதற்கு முன்பே அவள் வேகத்தைக் குறைத்திருந்தாள். வாத்தியார் கால் இறங்கவில்லை. நான் எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன்.

"எப்படிம்மா தெரிஞ்சுது உனக்கு?" என்று கேட்டார்.

"அவன் முன் சக்கரம் திரும்பிச்சுப்பா."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மனுஷன் சிரிப்பை மறைக்கிறார் என்பது எனக்கு அவருடைய காதைப் பார்த்தாலே தெரியும். சந்தோஷத்தில் சிவந்திருந்தது. அதே நேரம் தோற்றுக்கொண்டும் இருந்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது, கொஞ்சம் திருப்தியாகவும் இருந்தது.

மலைப்பாதையில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் அவள் ஹாரன் அடித்து, கியரைக் குறைத்து, நிதானமாகத் திருப்பினாள். உச்சியைத் தாண்டி இறங்கியதும் ரோடு நேராக, துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. தூரத்தில் மாநில எல்லைப் பலகை தெரிந்தது. எங்கள் மாநிலம் நன்றி சொன்னது, அடுத்த மாநிலம் வரவேற்றது. சோதனைச் சாவடியில் ஆள்கூட இல்லை, கம்பி தூக்கியே இருந்தது.

பலகையை நெருங்கும்போது பீப் என்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. கார் குலுங்கி நின்றது.

மகள் ஸ்டியரிங்கை விடவில்லை. முன்னால் பார்த்தாள், கண்ணாடிகளில் பார்த்தாள், எதையும் காணவில்லை. "நான் என்னப்பா தப்பு பண்ணினேன்?" என்றாள். குரல் உடைந்துவிட்டது. நான்கு வருடமாகக் கடல் கடல் என்று கிடந்த பிள்ளை. அந்த ஒரு பீப் சத்தத்தில் எல்லாம் போய்விட்டதென்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் நடுவர் கத்தக் கூடாது. "காரணம் சொல்லுங்க," என்றேன்.

வாத்தியார் ரோட்டைப் பார்த்தார். நாய் இல்லை. பள்ளம் இல்லை. லாரி இல்லை. இரண்டு பக்கமும் வெயில் மட்டும்தான் இருந்தது. நினைத்திருந்தால் ஏதாவது சொல்லியிருக்கலாம். முயல் ஓடியது என்று சொன்னால் இல்லை என்று யாரால் சாதிக்க முடியும்? பின்னால் இருந்த எனக்கு மொத்த ரோடும் தெரிந்ததா என்ன? ஆனால் வாத்தியார் காரணத்தில் பொய் சொல்ல மாட்டார். சொல்லத் தெரியாது.

"சொல்லுங்க. ரூல் நீங்க போட்டதுதான்."

அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இதைத் தாண்டினா அவ போயிடுவா."

எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவருடைய தோளைத் தொட வேண்டும்போல் இருந்தது, தொட்டேன். தொட்டுக்கொண்டே தீர்ப்பும் சொன்னேன்.

"அது ரோட்டுல இல்லைங்க. செல்லாது."

"தெரியும்," என்றார். மகள் பக்கம் திரும்பினார். "உன் மேல ஒரு தப்பும் இல்லம்மா. வண்டியை எடு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியர் போட்டாள். வாத்தியார் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் மேலே தூக்கி, சீட்டின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். சீட் பெல்ட்டோடு, அந்தத் தொப்பையோடு, அது லேசான காரியமில்லை. எல்லையைத் தாண்டியதும் அவள் கியரை ஏற்றி, அழுத்தினாள் ஒரு அழுத்து. பக்கத்தில் அப்பா விருந்துக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ்ஸை முந்தினாள், இரண்டு டேங்கர்களை முந்தினாள். "நல்லா முந்தற," என்றார். நான் பின்சீட்டில் பாட்டே பாடினேன். எனக்குப் பாட வராது, யாரும் தடுக்கவில்லை.

மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். பல்கலைக்கழகத்தின் சேர்க்கை ஆபீஸ் ஜன்னலிலிருந்தே கடல் தெரிந்தது. நிஜக் கடல், படம் இல்லை. கவுண்டரில் இருந்த அம்மா கம்ப்யூட்டரில் மகளுடைய எண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மாநிலத்துலயும் இடம் கிடைச்சிருக்கில்ல? ஒண்ணைத்தான் வெச்சுக்க முடியும். எதும்மா வேணும்?"

மகள் வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். பந்தயத்தில் ஜெயித்தவள் கேட்டு வாங்கியிருக்கலாம். கேட்காமல் நின்றாள்.

வாத்தியார் கவுண்டர் கண்ணாடிக்குக் குனிந்தார். ஓட்டுநர் தேர்வில் பாஸான மாணவர்களின் பெயரை வாசிக்கிற அதே குரலில், வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்.

"இங்கதாங்க. அங்கிருந்து எங்க ரெண்டு பேரையும் பத்திரமா ஓட்டிட்டு வந்து சேர்த்தவ இவ. இவளை இங்க சேர்த்துக்குங்க."