குழாய் நின்ற காலை

முப்பத்து நாலாம் வருஷம் எங்கள் வீட்டுக் குழாய் அடிக்கடி கெட்டுப்போனது. சனியன் பிடித்த குழாய் என்று அம்மா திட்டினாள். பாவம், குழாய் என்ன செய்யும்? அதற்குள் இருக்கும் வாசர் வளையத்தைக் கழற்றிக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் எறிந்தவள் நான். வாசர் இல்லையென்றால் குழாய் ஒழுகும். ஒழுகினால் தண்ணீர் இலாகாவிலிருந்து நாகையா வருவான். அவ்வளவுதான் விஷயம்.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வரிசை முழுவதும் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்த குடும்பங்கள். அப்பா முத்துக்குமாரு ரயில்வேயில் தலைமைக் கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் பெரியவர். எனக்கு மீனலோசனி என்று பெயர் வைத்து, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்து, படிப்பு முடிந்த மறுநாளே வீட்டில் உட்கார வைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போவதுண்டு. அதுவும் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அடுத்த வீட்டுச் சபாபதியரின் மனைவி, நடுவில் நான். வாசல் கேட்டுக்குப் பூட்டே கிடையாது. பூட்டு இருந்தாலாவது உடைக்கலாம் என்று எனக்கு ஆத்திரம் வரும்.

நாகையா செந்தூல்காரன். தஞ்சாவூர்ப் பக்கமிருந்து தண்டவாளம் போட வந்தவரின் மகன். எங்கள் வீட்டுக்குப் பின்கதவு வழியாகத்தான் வருவான். முற்றத்துக் குழாயடியில் குந்தியிருந்து வேலை பார்ப்பான். அவனைப் போன்றவர்களுக்குத் தேநீர் கொடுக்கவென்று வீட்டில் தனியாக ஒரு தகரக் குவளை இருந்தது. அம்மா மத்தியான உறக்கத்தில் இருப்பாள், வேலைக்கார இராஜம்மா காலையோடு போய்விடுவாள், ஆகவே குவளையைக் கொண்டுபோய்க் கொடுப்பது நான்.

"இந்தத் தண்ணி எங்கேருந்து வருது, தெரியுமாங்க?" என்று ஒரு நாள் கேட்டான்.

"குழாயிலையிருந்து."

"குழாய்க்கு எங்கேருந்து வருது?"

எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலேய ராஜாக்களின் பெயரெல்லாம் வரிசையாகச் சொல்லத் தெரிந்தவளுக்கு, குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அவன் சிரிக்காமல் சொன்னான். அம்பாங் மலைக்காட்டில் அருவிகள் இருக்கின்றன. அவற்றின் தண்ணீரைத்தான் மறித்து, இரும்புக் குழாயில் ஏற்றி இறக்கி எங்கள் முற்றம்வரை கொண்டுவருகிறார்கள். அவன் மாதம் ஒருமுறை அங்கே போய்ச் சருகு அடைப்பு எடுப்பானாம். அணைக்கு மேலே, வெளியாள் யாரும் போகாத இடத்தில் ஓர் அருவி உண்டாம்.

"அங்கே ஒரு பாறை இருக்கு. ரெண்டு பேர் நிக்கலாம். மூணாவது ஆளு ஏறினா வழுக்கி விழவேண்டியதுதான்."

"அப்ப ஐயர் எங்க நிப்பார்?" என்று கேட்டுவிட்டேன்.

என் வாய் அப்படி. அவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவிக் காலில் விழுந்தது. வலித்ததாகக்கூட அவன் காட்டிக்கொள்ளவில்லை. எங்கள் கல்யாணம் அப்படித்தான் நிச்சயமானது.

அதற்குப் பிறகு குழாய் ஒழுகிய ஒவ்வொரு முறையும் கல்யாணத்தில் ஒரு பகுதி முடிவாகும். ஐயர் வேண்டாம். பாறையில் சின்னதாக ஒரு வேலாயுதத்தை ஊன்றி, அதன் முன்னால் மஞ்சள் கயிற்றில் தாலி கட்டுவது. நாதஸ்வரம் வேண்டாம், அருவி போடுகிற சத்தத்தில் அது கேட்கவும் கேட்காது. சாட்சிக்கு அவன் கூட்டாளி கன்னையாவும் கன்னையாவின் மனைவி தங்கமணியும். தங்கமணி எலுமிச்சம் சாதம் கட்டிக்கொண்டு வருவாள், மஞ்சளில் நனைத்த புடைவையும் அவளே கொண்டுவருவாள். பிறகு காஜாங்கில் இருக்கும் அவன் அக்கா வீட்டுக்குப் போய்விடுவது.

"காட்டிலை அட்டை கடிக்குமோ?"

"கடிக்குங்க. உப்பு எடுத்துட்டு வரேன்."

"தாலி கட்டப்போற ஆளை 'நீங்க, வாங்க' எண்டு கூப்பிடுறது என்ன வழக்கம்?"

"பயம்லா," என்றான். "பழகினது ஒடனே போகுமா?"

அந்த 'ங்க' எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் அந்தப் பாறையை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட்டேன், தூங்கினேன். இரண்டு பேர் மட்டும் நிற்கக்கூடிய ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயமாக இருந்தது. எங்கள் வீட்டில் ஒருத்தி தனியாக அழக்கூட இடம் இல்லை.

இதற்கிடையில் அப்பா எனக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டார். கிள்ளானில் கிராணி உத்தியோகம், பெயர் சிவசம்பு. பெண் பார்க்க வந்தவர் என்னைப் பார்த்ததைவிட வடையைத்தான் அதிகம் பார்த்தார். வருகிற புதன்கிழமை பொன்னுருக்கு என்று நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்கான பொன்னை உருக்குவது எங்கள் சனத்துக்குப் பெரிய சடங்கு. பொன் உருகிவிட்டால், தாலி ஏறும்வரை பெண் வீட்டுப் படி தாண்டக் கூடாது. போகிறது ஒருநாள் கோயிலுக்கு, அதுவும் நின்றுவிடும்.

வாசரைக் கழற்றி எறிந்தேன். நாகையா வந்தான். விஷயத்தைச் சொன்னேன். 

"திங்கட்கிழமை காலையில ஒங்க வரிசைக்குத் தண்ணிய நிறுத்துறேன்," என்றான். "ரோட்டு முனையில பொதுக்குழாய் இருக்குல்ல, அது வேற லைன், அதுல தண்ணி வரும். எல்லாப் பொம்பளைங்களும் குடத்தைத் தூக்கிட்டு அங்கே வந்துடுவாங்க. அந்தக் கூட்டத்துல யாரு யாரைப் பார்ப்பா? நீங்களும் ஒரு குடத்தோட வாங்க. தூங்குமூஞ்சி மரத்தடியில கன்னையாவோட விறகு லோரி நிக்கும், தங்கமணி உள்ளே இருக்கும். ஏறிக்குங்க. நான் வளைவுல வால்வுக் குழிகிட்ட இருப்பேன். நீங்க ஏறினதும் தண்ணியத் தொறந்துவிட்டுட்டு ஓடி வரேன்."

எவ்வளவு நல்ல யோசனை என்று நினைத்தேன். செந்தூல் கூலி லயத்தில் பிறந்தவன் அவன். தண்ணீர் நின்றால் அங்கே எல்லாப் பெண்களும் குடத்தோடு ஓடுவார்கள். நானோ பிறந்ததிலிருந்து தண்ணீர் நின்று பார்த்ததில்லை. அவன் சொன்னதை அப்படியே நம்பினேன்.

போகும்போது திரும்பி நின்றான். "மனசு மாறிட்டா வீட்டுக்குத் திரும்பிப் போயிடுங்க. நான் கோச்சுக்க மாட்டேன். பேசாம வால்வைத் தொறந்துவிட்டுட்டுப் போயிடுவேன். அப்புறம் ஒங்க வழியிலயே வரமாட்டேன்."

"விசர்க் கதை கதையாதை," என்றேன். "மனம் மாறுறதுக்கு இது என்ன சீலை நிறமே?"

திங்கட்கிழமை அப்பா கந்தோருக்கு வேலைக்குப் போனதும் குழாயைத் திறந்தே வைத்தேன். நின்றால் தெரிய வேண்டுமே. சீலைத் தலைப்பில் மடித்து வைத்திருந்த உப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவன் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தான்தான், ஆனால் ஆண்களை நம்பி அட்டைக்குக் கால் கொடுக்க முடியுமா? கொஞ்ச நேரத்தில் குழாய் மெலிந்து, சொட்டி, நின்றது. எனக்கு மூச்சும் அதோடு நின்று திரும்பி வந்தது.

"இராஜம்மா, குழாய் நிண்டுபோச்சுது," என்று அம்மா கூப்பிட்டாள். "றோட்டுக் குழாயிலை போய்ப் பிடிச்சுக்கொண்டு வா."

இராஜம்மா வாளியையும் குடத்தையும் எடுத்துக்கொண்டு போனாள். நான் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். எங்கள் வரிசையில் ஒவ்வொரு பின்கதவும் திறந்தது. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வேலைக்காரி வெளியே வந்தாள். ஒரு கிராணியின் மனைவி வரவில்லை, ஒரு கிராணியின் மகள் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் தண்ணீர் தூக்கமாட்டார்கள். இது எனக்குத் தெரியாதா? தெரியும், ஆனால் நினைத்துப் பார்க்கவில்லை. அவனுக்கோ நினைத்துப் பார்க்கவே தெரியாது.

"அம்மா, நானும் போறன்," என்றேன். "இராஜம்மா தனிய எவ்வளவெண்டு தூக்குவா?"

"அவளுக்கு அது பழக்கம். உனக்கென்ன விசரே? கலியாணப் பெட்டை நடு றோட்டிலை குடம் தூக்கிறதே?"

வேறு குடம் இல்லை. பொன்னுருக்கு அன்று எங்கள் வீட்டில் நிறைகுடம் வைக்க அம்மா புளி போட்டு விளக்கி வைத்திருந்த பித்தளைக் குடம்தான் இருந்தது. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட்டைத் திறந்து நடந்தேன். "பிள்ளை, பிள்ளை" என்று அம்மா வாசல்வரை வந்து கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை.

என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்த ரோட்டில் தனியாக நடந்தேன். கூட்டத்தில் மறைய வேண்டியவள், ரோட்டில் தேர் போகிற மாதிரிப் போனேன். ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தது. சபாபதியரின் மனைவி வெளி வாசலுக்கே வந்து, "பூரணம், உன்ரை மகள் எங்க போறாள்?" என்று என் அம்மாவைக் கேட்டாள். குடம் வேறு வெயிலில் பளபளத்தது. அதை அப்படியே யார் தலையிலாவது போடலாம் போலிருந்தது.

தூங்குமூஞ்சி மரத்தடியில் லோரி நின்றது. விறகுக்கு நடுவில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. தங்கமணி மடியில் வைத்திருந்த புடைவையாக இருக்கும். வளைவில் நாகையா எழுந்து நின்றான். பொதுக்குழாயைத் தாண்டினால் லோரி. அவ்வளவு பக்கம்.

குழாயடியில் இருந்தவர்கள் என்னைக் கண்டதும் குடங்களை ஒதுக்கினார்கள். வரிசை இரண்டாகப் பிரிந்து எனக்கு வழி விட்டது. பவுனம்மாள் என்று லயத்துப் பெண் ஒருத்தி, அம்மா வயது இருக்கும், ஓடிவந்து குடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயையோ, கிராணி வீட்டுச் சின்னம்மா, நீங்க ஏன் தூக்குறீங்க? நாங்க இல்லையா? வெயிலு சுடுது, இப்படி நெழல்ல நில்லுங்க."

"வேண்டாம் அக்கா, நான் பிடிக்கிறன்."

"இந்தப் பூப்போல கையில பித்தளைக் குடமா? அடுத்த மாசம் கல்யாணம்னு இராஜம்மா சொல்லிச்சு. இடுப்புப் புடிச்சுக்கிட்டா என்ன ஆகுறது?"

தன் குடத்தை நகர்த்திவிட்டு என் குடத்தை முதலில் நிரப்பினாள். அதைத் தன் இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். இராஜம்மா என் கையைப் பிடித்தாள். அவர்கள் கண்ணில் அன்பைத் தவிர வேறு எதுவும் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் கையை உதறியிருப்பேன், கடித்தும் இருப்பேன். எல்லா ஜன்னல்களும் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த லோரியின் பக்கம் நான் ஓர் அடி எடுத்து வைத்தால் நாகையாவுக்கு வேலையும் போகும், எலும்பும் முறியும்.  மரியாதை என்கிற ஒன்றால் என்னைக் கட்டி, வந்த வழியே வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

நடக்கும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். நாகையா தலையைக் குனிந்து நின்றான்.  நான் குடத்தோடு வந்ததையும், குழாயடியில் நின்றதையும், இப்போது வீட்டுக்குப் போவதையும் அவன் பார்த்திருக்கிறான். பேசியது ஒன்றும் அவன் காதில் விழுந்திருக்காது. மனசு மாறிட்டா திரும்பிப் போயிடுங்க என்று சொன்னவன் அவன்தானே.

பவுனம்மாள் குடத்தைப் பின்முற்றத்தில் இறக்கி வைத்தாள். அம்மா கோபத்தை அடக்கிக்கொண்டு, அவளுக்கு அந்தத் தகரக் குவளையிலேயே தேநீர் கொடுத்தாள்.

நான் குடத்தைத் தூக்கிச் சாக்கடையில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு மிஞ்சாமல் கொட்டினேன்.

"நிறைகுடத்தை ஏன் கொட்டினனீ?" என்று அம்மா ஓடிவந்தாள்.

"பல்லி கிடந்தது. வேற தண்ணி கொண்டு வாறன்."

வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவைத் தாண்டிவிட்டேன். இந்த முறை யார் கையைப் பிடித்தாலும் நிற்பதில்லை, ஓடிப்போய் லோரியில் ஏறுவது, பிறகு வருவது வரட்டும் என்று முடிவு செய்திருந்தேன். உண்மையாகவே செய்திருந்தேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால் குழாய் இருமியது. காற்றைக் கக்கியது. கலங்கலாகக் கொஞ்சம் வந்தது, பிறகு சளசளவென்று தெளிந்த தண்ணீர் கொட்டத் தொடங்கியது. ரோட்டு முனையில் லோரி உறுமிப் புறப்படுகிற சத்தம் கேட்டது. அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான். கோபித்துக்கொள்ளாமல், என் வழிக்கு வராமல், மரியாதையாகத் திறந்துவிட்டுப் போய்விட்டான். பாழாய்ப்போன அந்த மரியாதை. என்னால் அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

அம்மாவுக்கு என் முகம் தெரியவில்லை. அவள் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாடா, தண்ணி வந்திட்டுது," என்றாள். "குடத்தைக் கொண்டுவந்து இதுக்குக் கீழை வை பிள்ளை. இனி நீ ஒரு இடமும் போகத் தேவையில்லை."