சுல்தானுக்கு வைத்த விருந்து

திருவொற்றியூரில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை விடுகிற ஜெயவேலுக்கு, குதிரை வளர்ப்பில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு நினைப்பு. மாப்பிள்ளையைச் சுமக்கிற குதிரைக்கு மாட்டுக்குப் போடுவதுபோல் புல் போடுவதா என்பான். அவனுடைய வெள்ளைக் குதிரை சுல்தானுக்குக் கொள்ளு, கோதுமை மாவு உருண்டை, வெல்லம். மண்டபத்தில் மிஞ்சிய கேசரிகூட உண்டு. புல்கட்டு வாங்குவதையே நிறுத்தியிருந்தான்.

ஒரு நாள் காலை சுல்தான் தீனியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. முன்காலால் தரையைக் கீறியது, திரும்பித் திரும்பி வயிற்றைப் பார்த்தது, படுத்துப் புரண்டது. கண் பட்டுவிட்டது என்று முடிவுகட்டிய ஜெயவேல் பூசணிக்காய் உடைத்தான். தெம்புக்கு இன்னொரு வெல்லக்கட்டியையும் நீட்டினான். அவன் மனைவி பச்சையம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு கால்நடை டாக்டருக்குப் போன் போட்டாள்.

டாக்டர் எழில்மொழி குதிரையின் விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். எப்போதும் இரைந்துகொண்டிருக்க வேண்டிய வயிற்றில் சத்தமே இல்லை என்றார். ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டார். என்ன தீனி போடுகிறீர்கள் என்று கேட்டார். ஜெயவேல் பெருமையாகத்தான் ஆரம்பித்தான். கேசரிக்கு வரும்போது குரல் உள்ளே போய்விட்டது.

"இதோட பெருங்குடல்ல கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கு. புல்லுல இருக்கிற நாரை அதுங்கதான் செரிச்சு, குதிரைக்குத் தெம்பு தருது. நீங்க அதுங்களைப் பட்டினி போட்டுட்டு மாவையும் வெல்லத்தையும் கொட்டியிருக்கீங்க. உள்ள புளிச்சுக் காத்து அடைச்சுக்கிச்சு."

குடல் இயங்கிக் குதிரை லத்தி போடும்வரை எதுவும் கொடுக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டார். பகல் முழுக்க ஜெயவேல் சுல்தானின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொழுது சாயும் நேரத்தில் லத்தி விழுந்தது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

"சாணிக்கா அழுவுற?" என்றாள் பச்சையம்மா.

"அந்தப் பூசணிக்காய என் தலையில ஒடச்சிருக்கணும்மே. துன்னக் குடுத்தே சாவடிக்கப் பாத்தேன்."

அதன்பின் டாக்டர் சொன்னபடி, கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்த புல்லைக் கூட்டினான். கொள்ளு ஒரு பிடியாகக் குறைந்தது. நாளெல்லாம் புல்லை மென்றுகொண்டு சுல்தான் தேறிவிட்டது.

இப்போது ராயபுரத்தில் எந்தக் குதிரைக்காரரைப் பார்த்தாலும் ஜெயவேல் தன் முட்டாள்தனத்தை விலாவாரியாகச் சொல்லிச் சிரிக்கிறான். அவர்களில் ஒருவரான ஹபீபுல்லா பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்த பாக்டீரியாவின் பெயர் என்ன என்றார்.

"கோடிக்கணக்குல கீது பாய். மாப்பிள பேரே எனக்கு ஞாபகம் நிக்காது."

பாய் சிரிக்கவில்லை. புல்கட்டு எங்கே கிடைக்கும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.