மாடித் தொட்டியின் புரோட்டிஸ்டுகள்

ஆந்திரத்தின் புத்தூரை அடுத்த தனியார் ஜூனியர் கல்லூரி ஒன்றில் தரணி உயிரியல் விரிவுரையாளராகப் பணியாற்றி வந்தாள். ஆண்டுகள் பல கடந்தும் வேலை நிரந்தரமாகவில்லை. கல்லூரியைப் பார்வையிட வரும் ஆய்வு அதிகாரி நல்லவிதமாக எழுதிவிட்டுப் போனால் நிரந்தர ஆணையில் கையெழுத்திடுவதாகத் தாளாளர் கோவர்த்தனன் அவர்கள் பெருந்தன்மையுடன் வாக்களித்திருந்தார்.

அதிகாரியின் முன்னிலையில், புரோட்டிஸ்டுகள் என்னும் நுண்ணுயிர்களை உயிருடன் காட்டிப் பாடம் நடத்த வேண்டும். அதற்காகத் தரணி பிச்சாட்டூர் ஏரி நீரில் வைக்கோலை ஊறவைத்து, ஆய்வகச் சன்னலோர ஜாடிகளில் அவற்றை வளர்த்து வந்தாள். ஆய்வு என்றால் கண்ணில் படும் அனைத்தும் பளபளக்க வேண்டும் என்பது அக்கல்லூரியின் மரபு. ஆகவே ஆய்வு நாளன்று காலை உதவியாளர் அப்பாவு ஜாடிகளையும் விட்டுவைக்கவில்லை.

"நாத்தம் புடிச்ச தண்ணிய இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறீங்க மேடம்? கொட்டிட்டு, ப்ளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிட்டேன்" என்றார் அவர், பாராட்டை எதிர்பார்த்து.

அதிகாரியின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. ப்ளீச்சிங் பவுடர் எட்டாத நீர் அந்த வளாகத்தில் எங்கே இருக்கும்? கண்ணில் படாத இடத்தில்தான். தரணி மாடிக்கு ஓடினாள். காற்றில் மூடி பறந்துபோன குடிநீர்த் தொட்டி உள்ளே பச்சைப் பசேல் என்றிருந்தது. புதிய மூடி வேண்டும் என்ற அவளது கோரிக்கையைத் தாளாளர் நெடுங்காலமாகப் பரிசீலித்து வந்தார்.

அந்த நீரில் ஒரு ஜாடி மொண்டு வந்தாள்; வகுப்பு சிறப்பாகவே நடந்தது. பெரும்பாலும் ஒரே செல்லாலான உடல்; அதற்குள் முறையான உட்கரு; தாவரம், விலங்கு, பூஞ்சை என எதிலும் சேராதவற்றுக்கு ஒதுக்கப்பட்ட தனிப் பிரிவு என்று விளக்கியபோது, தரணியால் தன் தற்காலிகப் பதவியை நினைக்காமல் இருக்க இயலவில்லை. நுண்ணோக்கியின் கீழ்ப் பாரமீசியம் குற்றிழைகளை அசைத்து விரைந்தது. யூக்ளினா கசையிழையை வீசி வெளிச்சத்தை நாடியது. அமீபாவோ, தாளாளர் அதிகாரியை அணுகுவதைப் போல, வேண்டிய பக்கமெல்லாம் போலிக்காலை நீட்டி, வடிவத்தை மாற்றி மாற்றி நகர்ந்தது.

அதிகாரி ஹரிபாபு மனம் மகிழ்ந்தார். "சால பாகுந்தி மேடம், ரொம்ப நல்லாருக்கு. இது எந்த ஏரித் தண்ணி?"

பிச்சாட்டூர் ஏரி என்று தாளாளர் முந்திக்கொண்டார்.

முன்வரிசையில் பிரித்திகா என்ற மாணவி தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். தரணி அவளைப் பார்த்தாள்.

"இல்ல சார். பசங்க குடிக்கிற மாடித் தொட்டித் தண்ணி" என்றாள் தரணி.

நிரந்தர ஆணை போய்விட்டது என்றே எண்ணினாள். தாளாளர் சற்றும் கலங்கவில்லை.

"ஆமா சார், பிராக்டிகலுக்குன்னே வளத்துக்கினு கீறோம். மேடம் பொறுப்புலதான்."

ஹரிபாபு வியந்துபோனார். குடிநீர்த் தொட்டியையே ஆய்வகமாக்கிய முன்மாதிரிக் கல்லூரி என்று எழுதினார்; தொட்டியை எக்காரணம் கொண்டும் கழுவலாகாது என்றும் பரிந்துரைத்தார். பின்னர்த் தாம் காரில் கொண்டுவந்த நீரை அருந்தி விடைபெற்றார். மாலையில் ஆணை வந்தது. தரணி நிரந்தரமாக்கப்பட்டிருந்தாள்; தொட்டியிலுள்ள உயிரினங்களைக் குறைவின்றிக் காப்பது அவளது முதற்கடமை.

அப்பாவுவிடம் தொட்டியைக் கழுவச் சொன்னாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஆபீசரு எழுதிக் குடுத்த பூச்சிங்க மேடம், நான் கை வெக்கமாட்டேன். உங்க வேலையும் பூடும்."

தரணி ஆணையை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். தானே மாடியேறி, தொட்டியின் அடியிலிருந்த வடிகுழாயைத் திறந்துவிட்டாள். பச்சை நீர் தளத்தில் பரவி, மழைநீர்த் தூம்பின் வழியே, கீழே நின்றிருந்த தாளாளரின் கார்மீது கொட்டத் தொடங்கியது.