பத்து எண்ணும் வரை

கண்காட்சிக்குக் கிளம்பும்போதே இரண்டு தீர்மானம் செய்துகொண்டேன். படங்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. கூட வரும் பக்கத்து வீட்டு வில்ஃப்பிடம், ஊரைவிட்டுப் போகாதீர்கள் என்று இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும். முதல் தீர்மானம் முதல் அறையிலேயே காற்றில் பறந்தது.

விக்டோரியா மகாராணி காலத்து ஓவியங்கள் என்றதும் என்னவோ ஏதோ என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் சுவருக்குச் சுவர் ஒரு பெண் சோபாவில் மயங்கிக் கிடக்கிறாள். ஒருத்தி கடிதத்தைப் படித்துவிட்டு மயங்கியிருக்கிறாள், இன்னொருத்தி உறையைப் பிரிக்கும் முன்பே. மான்செஸ்டரில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவள் நான். மயங்கி விழ எனக்கு ஒருநாள்கூட நேரம் கிடைத்ததில்லை.

"எல்லாரும் இப்படி விழுந்து கிடந்தா டீ யாரு போட்டது, வில்ஃப்?"

"படத்துல இருக்கிற நாய்தான் போட்டிருக்கும், மேவிஸ். நல்லாப் பாருங்க, வீட்டுல அது ஒண்ணுதான் முழிச்சிக்கிட்டு இருக்கு."

நான் சிரித்த சிரிப்பில் காவலாளி எட்டிப் பார்த்தார். அறுபத்து நான்கு வயதில் இப்படி ஒரு கிறுகிறுப்பு வரும் என்று யாராவது சொல்லியிருந்தால், போடா என்றிருப்பேன். வந்துவிட்டதே, என்ன செய்ய? அந்த மனுஷன் பக்கத்தில் நின்றாலே எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

வில்ஃப் மனைவியை இழந்து ஆறு வருஷம் ஆகிறது. ப்ளிமத்தில் இருக்கும் மகள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், ஒருவழியாகச் சரி என்றுவிட்டார். திங்கட்கிழமை காலை சாமான் ஏற்ற வண்டி வருகிறது. இன்று சனிக்கிழமை. பதினொரு வருஷமாக வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று மழையைப் பற்றியும் முட்டைக்கோஸைத் தின்னும் நத்தைகளைப் பற்றியும் பேசித் தீர்த்திருக்கிறோம். மனசில் இருப்பதை மட்டும் இருவரும் பேசியதில்லை. எங்கள் ஊரில் அது வழக்கமில்லை.

மூன்றாவது அறைக்கு வெளியே ஒரு நீளமான வரிசை நின்றது. எங்கள் ஜனங்களுக்கு ஒரு வியாதி உண்டு. வரிசையைக் கண்டால் வாலில் போய் ஒட்டிக்கொள்வோம், எதற்கு என்று மட்டும் கேட்க மாட்டோம். பெரிய படம் ஏதோ உள்ளே இருக்கிறது என்று நாங்களும் நின்றோம். நாற்பது நிமிஷம். அதற்குள் மூன்று முறை வாயைத் திறந்தேன். மூன்று முறையும் அவர் மகள் வீட்டுச் சாக்கடை அடைப்பைப் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

திரையை விலக்கினால் உள்ளே படமுமில்லை, ஒன்றுமில்லை. மூன்று காலில் ஒரு பழைய கேமரா, ஒரு நாற்காலி, கையில் தொப்பிகளோடு ஒரு இளம்பெண்.

"வாங்க வாங்க. அந்தக் காலத்துப் புருஷன் பொண்டாட்டி மாதிரி போட்டோ எடுக்கத்தானே வந்தீங்க?"

வில்ஃப் என் காதருகே குனிந்தார். "வரிசை மாறி வந்துட்டோம்னு சொல்லிடலாமா?"

"இவ்வளவு நேரம் நின்னுட்டா? பின்னால முப்பது பேர் பார்த்துக்கிட்டு இருக்காங்க. மானம் போயிடும்."

"அதுவும் சரிதான்," என்றார் அவர், பரம நிம்மதியாக.

எனக்கு நாடாவைத்த குல்லாய், அவருக்கு உயரமான கறுப்புத் தொப்பி. நான் உட்கார்ந்தேன். அவர் பின்னால் நின்று என் தோளில் கைவைத்தார். பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

"கண்ணாடித் தகட்டுல விழுற படம் இது. நான் பத்து எண்ணுற வரைக்கும் மூச்சுகூட விடாதீங்க. அசைஞ்சா கலைஞ்சிடும்," என்று அந்தப் பெண் கேமராவின் மூடியைக் கழற்றினாள். "ஒண்ணு. ரெண்டு."

மூன்று வரை பொறுத்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ப்ளிமத்துக்குப் போகாதீங்க, வில்ஃப். நீங்க போனா எனக்குத் தாங்காது."

"பேசக் கூடாதும்மா. அஞ்சு. ஆறு."

பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை. கேமராவையே வெறித்துக்கொண்டிருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று அவள் எண்ணிக்கொண்டே போனாள். பத்தில் மூடியைப் போட்டாள். வில்ஃப் தொப்பியைக் கழற்றி அதன் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். முகம் பீட்ரூட்டாகச் சிவந்திருந்தது.

அந்தப் பெண் தகட்டைக் கொண்டுவந்து எங்கள் கண்ணெதிரே ஒரு தட்டில் மருந்துத் தண்ணீரை ஊற்றி அலசினாள். முதலில் நாற்காலி தெரிந்தது. பிறகு என் பாவாடை, என் தோளில் அவர் கை. என் வாய் இருந்த இடத்தில் வெறும் புகை.

"அம்மா பேசினதுனால கலைஞ்சிருக்கு," என்று சலித்துக்கொண்டவள் தட்டைச் சாய்த்தாள். "ஐயா, நீங்க பேசவே இல்லையே. உங்க முகம் எங்க?"

அவர் கழுத்துப்பட்டைக்கு மேலே மூக்குமில்லை, கண்ணுமில்லை. தொப்பியிலிருந்து தாடைவரை மேலும் கீழுமாக ஒரே இழுப்பு. பத்து எண்ணி முடிக்கும்வரை மனுஷன் தலையை ஆட்டிக்கொண்டே நின்றிருக்கிறார்.