கரடியின் வாய்

படக்காரி ஒரு பிராணியை வரைவதற்கு முன்னால் அந்தப் பிராணியாகவே மாறிவிடுவாள். அவள் மேஜைமேல் கையகலக் கண்ணாடி ஒன்று எப்போதும் நிற்கும். ஆமை கோபித்துக்கொள்ள வேண்டுமென்றால் இவள் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கண்ணாடியை முறைப்பாள். தவளை பாட வேண்டுமென்றால் கன்னம் இரண்டும் உப்பி நிற்கும். ஒருமுறை பார்சல் கொண்டுவந்த ஆள் ஜன்னல் வழியாக இந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டு, கையெழுத்துக்கூட வாங்காமல் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. கட்டிய புருஷனுக்கே பழக இரண்டு வருஷம் ஆயிற்று.

பழக்கமே தேவைப்படாதவர் மாமனார் ஒருவர்தான். நாற்பது வருஷம் பல்செட் செய்தவர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, ஊரில் பாதிப் பேருக்குச் சிரிப்பைத் திருப்பிக் கொடுத்தவர். தெருவில் அவருக்குப் பல்மாமா என்றே பெயர். மகன் இவளை முதன்முதலாக வீட்டுக்குக் கூட்டிவந்தபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேல்வரிசை பரவாயில்லை, கீழ ஒண்ணு நெருக்கியிருக்கு" என்பது. அன்றைக்கே இவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

வேலையை விட்ட பிறகு அவருடைய நாற்காலி இவள் மேஜைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒவ்வொரு படத்தையும் பார்ப்பார். "இந்த முயல் இந்தப் பல்லை வெச்சுக்கிட்டு எப்படிம்மா வாயை மூடும்? பாவம், ஜென்மத்துக்கும் ஈ புகுந்துக்கிட்டே இருக்கும்." இவள் தலையில் அடித்துக்கொண்டு முயலின் பல்லைக் குறைப்பாள். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு படத்தையாவது அவர் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை. குறை சொல்லாமல் விட்டால் அதுதான் பாராட்டு.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவர் பல் துலக்கப் போனார், கொப்பளித்த தண்ணீர் வாயில் நிற்காமல் ஒரு பக்கமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் இடது பக்கம் முழுக்க இறங்கிக் கிடக்கிறது. டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார். முகத்து நரம்பு தளர்ந்திருக்கிறது, மெல்லத் திரும்பும், ஆனால் தினமும் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து கன்னத்தை உப்பி, உதட்டை இழுத்துப் பயிற்சி செய்ய வேண்டும், விட்டுவிட்டால் அப்படியே தங்கினாலும் தங்கிவிடும் என்றார். மாமனார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் குளியலறைக் கண்ணாடியைச் சுவரைப் பார்க்கத் திருப்பி மாட்டினார்.

அதன்பிறகு அவர் வாய்மேல் ஒரு துண்டு வந்து உட்கார்ந்துகொண்டது. சாப்பாடு தனி அறையில். நாற்காலியில் மட்டும் வந்து உட்காருவார், ஆனால் பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இவள் கண்ணாடி முன்னால் கோமாளித்தனம் செய்யும்போது சில சமயம் துண்டு லேசாகக் குலுங்கும். ஓரிரு தடவை நழுவவும் செய்தது. அந்தக் கணத்தில் வலது பக்கம் மட்டும் மேலே ஏறிய ஒரு சிரிப்பை இவள் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, பார்க்காதவள் மாதிரி தூரிகையைக் கழுவுவாள். பயிற்சி செய்யச் சொல்லி மகன் கெஞ்சினான், கத்தினான். கல்லில் நார் உரிக்கலாம், அவரை மசிய வைக்க முடியாது. நாள் போய்க்கொண்டிருந்தது.

இந்த நேரத்தில்தான் பஸ் ஓட்டும் கரடி வந்து சேர்ந்தது. குழந்தைகள் புத்தகத்தின் அட்டைப்படம். கரடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும். படக்காரி வழக்கம்போலத் தீப்பெட்டி அளவில் பத்துப் பன்னிரண்டு கிறுக்கல்கள் போட்டாள். தேறியதை மெல்லிய தாளில் பெரிதாக வரைந்தாள். அடியில் விளக்கெரியும் கண்ணாடிப் பலகையில் அதை வைத்து, மேலே தடித்த தாளைப் போட்டு நகலெடுத்தாள். அந்தத் தாளின் நாலு ஓரத்தையும் ஒரு மரப்பலகையோடு ஒட்டி, நனைத்து, தேநீர் நிறத்தில் முதல் பூச்சு. அது நன்றாகக் காய வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் கை வைத்தால் கரடியின் காது பஸ்ஸுக்குள் ஓடிவிடும். காய்ந்தபின் அடர்பழுப்பு. பிறகு ஈரம் போன தூரிகையால் ரோமம், இழை இழையாக. நிழலுக்கு அவள் கறுப்பைத் தொடமாட்டாள், நீலம்தான். அப்புறம் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து வாயைத் தீட்டினாள். கடைசியாகக் கண். கண்ணில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி.

அந்தப் புள்ளி விழுந்ததும் கரடிக்கு உயிர் வந்துவிட்டது. இவ்வளவு நல்ல சிரிப்பை இவள் வரைந்ததே இல்லை. சந்தோஷத்தில் பலகையை மாமனார் பக்கம் திருப்பினாள்.

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

பன்னிரண்டு வருஷத்தில் வராத பாராட்டு. படக்காரிக்குச் சுருக்கென்றது. பலகையைத் தன் பக்கம் திருப்பினாள். கரடியின் வாய் வலது பக்கம் காதுவரை ஏறியிருந்தது. இடது பக்கம் இறங்கிக் கிடந்தது. கண்ணாடியை எடுத்துச் சிரித்துப் பார்த்தாள். அவள் வாயும் அப்படியேதான் போயிற்று. இரண்டு மாதமாகத் திருட்டுத்தனமாகப் பார்த்த சிரிப்பு இவள் முகத்துக்குள் எப்போதோ குடிபுகுந்திருக்கிறது. அதுதான் சிரிப்பு என்று கையும் நம்பி வரைந்துவிட்டது. படக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை.

கதவைத் தட்டினாள். "மாமா, தெரியாம வந்துடுச்சு மாமா."

"பரவாயில்லைம்மா. வீட்டோட இருந்தது, இனி ஊர்ப் பிள்ளைங்களும் பாத்துச் சிரிக்கட்டும்." உள்ளேயிருந்து வந்த குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் வந்த புருஷன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "கிழிச்சுப் போட்டுட்டு நேரா ஒண்ணு வரையேன், இதுக்குப் போய் அழறியே" என்றான். ஆம்பிளைகளுக்கு எல்லாம் சுலபம். அவள் நேராக ஒன்று வரைந்தாள். மறுபடி கிறுக்கல், நகல், பூச்சு, காயவைத்தல். ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வாயை நிறுத்தினாள். வெள்ளைப் புள்ளியும் வைத்தாள். கரடி பஸ் ஓட்டவில்லை, பஸ்ஸில் ஒட்டிய விளம்பரம் மாதிரி இருந்தது. அந்த இரண்டு நாளும் பக்கத்து நாற்காலி காலி. சாப்பாட்டுத் தட்டு மட்டும் அறைக்குள் போய், பாதி மிச்சத்தோடு திரும்பி வந்தது.

மூன்றாம் நாள் காலை இரண்டு கரடிகளையும் தூக்கிக்கொண்டு அவள் அறைக்குள் போனாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார், துண்டு வாய்மேல். இவள் நேர்வாய்க் கரடியை அவர் முன்னால் நிறுத்தினாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு ஒரு கண் மட்டும் திரும்பி வந்தது. நாற்பது வருஷத் தொழில், மோசமான வாயைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்குமா?

"என்னம்மா இது?"

"நேரா வரைஞ்சேன் மாமா."

"எந்த ஜீவனுக்கு வாய் ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கு? நான் பாத்த அத்தனை வாயில ஒண்ணுகூடக் கிடையாது. பல்லெல்லாம் நேரா அடுக்கினா தெருமுனையில வரும்போதே பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சுடும். நான் வேணும்னே ஒரு பல்லைக் கொஞ்சம் திருப்பி வெப்பேன். அப்பத்தான் மனுஷன் சிரிச்ச மாதிரி இருக்கும்." 'ப' எழுத்து வரும் இடமெல்லாம் உதடு சேராமல் காற்று போயிற்று. அதை மறந்து பேசிக்கொண்டிருந்தவர், சட்டென்று நினைவு வந்து துண்டை அழுத்திக்கொண்டார்.

படக்காரிக்கு இதற்குமேல் அடக்க முடியவில்லை. "கேலி பண்ணலை மாமா. சத்தியமா இல்லை. சந்தோஷமாச் சிரிக்கிற முகம் ஒண்ணு வேணும்னு உக்காந்தேன். எனக்கு உங்க முகம்தான் வந்துச்சு. கோணலா வந்துச்சுன்னுகூட எனக்குத் தெரியலை. நீங்க துண்டுக்குள்ள சிரிச்சதைப் பாக்கிறப்பல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு."

அவருடைய இடது கண்ணில் எப்போதும் நீர் வடியும், அதனால் அதை நம்ப முடியாது. வலது கண்ணும் நிறைந்திருந்தது.

கையை நீட்டி முதல் கரடியை வாங்கினார். வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுவும் தப்பு" என்றார்.

"எங்க மாமா?"

"உதட்டை மட்டும் இறக்கியிருக்கே. உதடு தனியா இறங்காதும்மா. கன்னத்து மடிப்பு மறைஞ்சு போகும், கண்ணுக்குக் கீழ தொங்கும். நீ கண்ணாடியில உன்னைப் பாத்து வரைஞ்சது. உனக்கு வந்தாத்தானே தெரியும்."

"அப்ப எப்படி மாமா வரையறது?"

அவர் எழுந்தார். மெல்ல நடந்து வந்து, மேஜைக்குப் பக்கத்து நாற்காலியை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்தார். படக்காரி அவசரமாகப் பென்சிலைத் தேடினாள்.

"எந்தப் பக்கம் காட்டட்டும்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும்தான் மாமா."

அவர் முகத்தை நேராக அவள் பக்கம் திருப்பினார்.