விழாத அரிசி

அன்னக்கொடி விளாங்குடிக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தபோது பிற்பகல் மணி மூன்று. ஆடி மாதமாதலால் அங்குத் திருமணம் எதுவும் இல்லை. மேடையில் இரும்பு நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. பக்கத்துப் பள்ளி மாணவர்கள் வரைந்த மயில்களும் தேர்களும் கூடம் நெடுகிலும் கயிற்றில் தொங்கின. அவள் அவற்றைப் பார்க்கவில்லை. மேடைக்கு இடப்புறம் இருந்த சாமான் அறையின் கம்பி ஜன்னலை நோக்கி நேராக நடந்தாள். அந்த ஜன்னலை அவள் அறிவாள். மூன்று ஆண்டுகளுக்கு முன், எண்பத்தைந்தாம் ஆண்டு வைகாசியில், தன் ஒரே மகள் தங்கப்பொண்ணின் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் அவள் அதன் உட்புறம் நின்றிருந்தாள். இன்று வெளிப்புறம் நின்றாள்.

அன்று அரிசி மூட்டைகள் இருந்த இடத்தில் இன்று பதினொரு தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. அனைத்தும் பழையவை, பழுது பார்க்கக் கொடுத்தவர்கள் திரும்பி வாங்க வராதவை. ஒன்றில் படம் நீலமாக இருந்தது. ஒன்றில் பாதித் திரை இருண்டிருந்தது. ஒன்றில் மனிதர்கள் நெட்டையாக இழுபட்டிருந்தனர். ஜன்னலுக்கு மிக அருகில் இருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டியில் படம் கீழிருந்து மேலாக ஓயாமல் உருண்டுகொண்டிருந்தது. எனினும் பதினொன்றிலும் ஓடியது ஒரே படம். நாற்காலியை இழுத்து விளையாடும் பிள்ளைகள், வியர்வையைத் துண்டால் துடைக்கும் சமையல்காரர், வாசலில் செருப்புக் குவியல். அதற்கு அடுத்து இதே ஜன்னல், கம்பிகளுக்குப் பின்னால் ஒரு பெண். அவள் கை வெளியே நீண்டு ஒரு பிடி அரிசியை மேடையை நோக்கி வீசியது.

அலங்காநல்லூரில் பக்கத்து வீட்டு ஒச்சாயி, விளாங்குடிக் கண்காட்சிக்குப் போய்வந்து மதியம் சொன்னது பொய்யன்று. "ஒன்னய டிவில பாத்தேன்டி. ஒண்ணுல இல்ல, பதினொரு பொட்டியில" என்று அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அன்னக்கொடி அடுத்த பேருந்தில் ஏறினாள்.

பெட்டிகளின் உடைமையாளன் நல்லகாமன். பேருந்து நிறுத்தத்தின் அருகே தொலைக்காட்சி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். முகூர்த்த நாள்களில் திருமணங்களை வீடியோ எடுத்தான். மாலைவரை ஒளிபரப்பு இல்லாத காலம். பகலில் ஒரு பெட்டியைச் சரிபார்க்க வேண்டுமானால் அதில் ஏதேனும் ஒரு படம் ஓட வேண்டும். திருமண வீட்டார் அருகில் உட்கார்ந்து வேண்டாம் என்று வெட்டச் சொன்ன துண்டுகளை எல்லாம் அவன் ஒரே நாடாவில் சேர்த்து, அதை அந்தச் சோதனைக்கு வைத்துக்கொண்டான். ஒரு நாள் கடையில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் ஓடியதைப் பள்ளியின் ஓவிய ஆசிரியர் பேச்சிமுத்து பார்த்தார். வெகுநேரம் நின்றார். மாணவர் ஓவியக் கண்காட்சியில் இதை இப்படியே வைக்க வேண்டும் என்றார். இது எதற்கு என்று நல்லகாமன் கேட்டதற்கு அவர் சொன்ன விளக்கம் அவனுக்கு விளங்கவில்லை. ஆயினும் சாமான் அறையைத் தேர்ந்தவன் அவனே. கூடத்தில் நின்று ஜன்னல் வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாகச் சொன்னவனும் அவனே.

மணம் பேசியபோது மாப்பிள்ளையின் தாய் இருளாயி ஒரே ஒரு நிபந்தனை விதித்திருந்தாள். கணவனை இழந்த அன்னக்கொடி தாலி கட்டும் நேரத்தில் மேடைப் பக்கம் வரக்கூடாது, அட்சதை தூவக்கூடாது. அன்னக்கொடியின் அண்ணன் மலையாண்டி அதற்கு ஒப்புக்கொண்டார். அவளும் ஒப்புக்கொண்டாள். கெட்டிமேளம் கேட்டபோது அவள் கை மூட்டைக்குள் போனதை ஒருவரும் பார்க்கவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். மகளின் முதல் கரு நான்காம் மாதத்தில் கலைந்தபோது, யார் கை பட்ட தோஷமோ என்று இருளாயி சொன்னாள். அன்னக்கொடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது மகளுக்கு ஆறாம் மாதம். ஆவணியில் வளைகாப்பு நடத்திப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புவதாக இருளாயி வாக்களித்திருந்தாள். அவள் வீடு இம்மண்டபத்துக்கு அடுத்த தெருவில் இருந்தது. மருமகளை அழைத்துக்கொண்டு மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சிக்கு வரப்போவதாக ஒச்சாயியிடம் சொல்லியும் அனுப்பியிருந்தாள்.

பெட்டிகளுக்கு அருகில் இருந்த நல்லகாமன் அவள் சொன்ன முழுவதையும் கேட்டான்.

"அழிச்சிரலாங்க்கா. ஒரு நிமிச வேல."

அவன் நாடாவை வெளியே எடுத்தான். திரைகள் அனைத்தும் இரைச்சலுடன் வெளுத்தன. அன்னக்கொடி அவனுடைய விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, கல்யாணக் கேசட்டுல நான் எங்கயாச்சும் இருக்கேனா?"

"ஒங்க அண்ணன் கூடவே உக்காந்து வெட்டச் சொன்னாருக்கா."

"ஒரு எடத்துலயுமா இல்ல?"

அவன் சற்று யோசித்தான். "பந்தியில முதுகு தெரியும். அதுவும் பாதி."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நாடாவை மறுபடியும் போடச் சொன்னாள். அறைக்குள் நுழைந்து, சேலைக் கடையில் துணி பார்ப்பவளைப் போல ஒவ்வொரு பெட்டியின் முன்னும் குனிந்து நின்றாள். செருப்புக் குவியலுக்கு அடுத்துத் தன் முகம் வரும்வரை காத்திருந்தாள்.

"இதுல தெரியிது. அமத்து. இதுலயும் மூக்கு தெரியிது."

அவள் சொல்லச் சொல்ல அவன் அணைத்துக்கொண்டே வந்தான். பேச்சிமுத்துவிடம் என்ன சொல்வது என்று ஒரு முறை முணுமுணுத்தான். அதன்பின் அதையும் விட்டுவிட்டான். இறுதியாக ஜன்னலோரத்துக் கறுப்பு வெள்ளைப் பெட்டி எஞ்சியது. அதில் படம் உருண்டதால் முகம் நிலைக்கவில்லை. வெறும் இருட்டுத் திட்டாகக் கடந்து போயிற்று. வெள்ளையாகத் தெரிந்தவை கையும் அரிசியுமே. படத்தோடு சேர்ந்து அரிசியும் மேலேறியது. மேல் விளிம்பில் மறைந்து கீழ் விளிம்பில் மீண்டும் தோன்றியது. அன்னக்கொடி அதைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

இருளாயி ஐந்தேகாலுக்கு வந்தாள். பின்னால் தங்கப்பொண்ணு இடுப்பில் கை ஊன்றி மெதுவாக நடந்து வந்தாள்.

"என்ன மதினி, நீங்களும் படம் பாக்க வந்துட்டீகளா?" என்ற இருளாயி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். "பதினொரு டிவின்னாக. ஒண்ணுதான் ஓடுது, அதுக்கும் கிறுக்குப் புடிச்சிருக்கு. ரிப்பேர்க்காரன் கடையில நல்ல டிவி ஒண்ணுகூடவா இல்ல?"

நல்லகாமன் தலையைச் சொறிந்தான். திரையில் பிள்ளைகள் உருண்டனர். சமையல்காரர் உருண்டார். செருப்புக் குவியல் உருண்டபோது அன்னக்கொடி கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

"யாரோ கைய நீட்டுற மாதிரி இருக்கு" என்றாள் இருளாயி, கண்களைச் சுருக்கி. "மேல போறது என்ன மதினி, ஈசலா?"

தங்கப்பொண்ணு முன்னால் வந்தாள். திரையைப் பார்த்தாள், தன் முன்னிருந்த ஜன்னலைப் பார்த்தாள், கம்பியைப் பற்றியிருந்த தாயின் கையையும் பார்த்தாள். பிறகு கம்பிகளின் இடையே தன் கையை உள்ளே நீட்டி, விரல்களைத் திரைக்கு மிக அருகில் கொண்டுபோனாள். கண்ணாடியில் தேங்கியிருந்த மின்சாரத்தால் அவள் முன்கை மயிர் ஒவ்வொன்றாக எழுந்து நின்றது.

"என்னடி அது?" என்று இருளாயி மறுபடியும் கேட்டாள்.

தங்கப்பொண்ணு கையை மடக்கவில்லை. உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி அப்படியே வைத்திருந்தாள். அதற்கு நேர் எதிரே அரிசி மேலேறிக்கொண்டிருந்தது.